தாத்தாவின் ராணுவ பெல்ட்டில் அடித்த கறுப்புப் பூச்சை எடுப்பது எப்படி?

கம்மவான்பேட்டைப் பேரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரை வேலூர்ப் பக்கத்தில் ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். படையில் ஒருவரும் இல்லாத வீட்டை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். என் தாத்தா 1942இல் சேர்ந்து, சுபேதாராக ஓய்வு பெற்றவர். அவருடைய டிரங்குப் பெட்டியைப் போன மாதம் பாட்டி என்னிடம் ஒப்படைத்தார். அதில் இருந்த மூன்று தோல் பொருள்களைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க வேண்டும்.

முதலாவது, தோளில் குறுக்காகப் போடும் வாருடன் கூடிய சாம் பிரவுன் பெல்ட். தாத்தா அதைப் பழுப்பு நிறத்தில்தான் அணிந்திருந்தார் என்று பாட்டியும் பெரியப்பாவும் உறுதியாகச் சொல்கிறார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஒரு குடும்ப விழாவில் அவர் படத்துக்குப் பக்கத்தில் வைப்பதற்காக, நகரத்தில் ஒரு கடையில் கொடுத்துப் புதுப்பித்து வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கடையில் பெல்ட்டைத் துடைக்கக்கூட இல்லை. கார் கதவுக்கு அடிப்பதுபோல் கறுப்புப் பெயிண்டை அதன்மீது தெளித்துக் கொடுத்துவிட்டார்கள். இப்போது துளைகளைச் சுற்றியும் மடிப்புகளிலும் அந்தப் பூச்சு செதில் செதிலாக உதிர்கிறது; உதிர்ந்த இடத்தில் பழுப்புத் தோல் தெரிகிறது.

இரண்டாவது, பைனாகுலர் வைக்கும் தோல் பெட்டி. அதற்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கான பாலிஷ் அப்பிக் கிடக்கிறது, பித்தளை ஆணிகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது, மூடியின் விளிம்பைத் தொட்டால் செங்கல் பொடி போல ஏதோ விரலில் ஒட்டுகிறது.

மூன்றாவது, பெரியப்பா பணியில் இருந்தபோது வாங்கிய பளபளப்பான அணிவகுப்பு பெல்ட். அதன் மேல்பூச்சு பிசுபிசுத்துப்போய், சுற்றி வைத்த காகிதத்தையும் சேர்த்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

மூன்றையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி சாயம் ஏற்றலாமா? எங்கே தொடங்குவது?


ஆவாரம்பட்டை எழுதியது:

தம்பி, உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். ராணிப்பேட்டைப் பக்கத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் தோல் தொழிற்சாலைகளின் ஃபினிஷிங் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதலில் இதைத்தான் சொல்வேன். பூச்சை ஏற்றுவதே எங்கள் தொழிலாக இருந்தது. ஏற்றியது எதுவென்று தெரியாமல் அதை இறக்க எங்களாலும் முடியாது.

மூன்று பொருளிலும் மூன்று வகையான பூச்சு இருப்பதாக உங்கள் விவரத்திலிருந்து தெரிகிறது. அதை ஊகத்தில் விடாமல் சோதித்துப் பார்த்துவிடலாம். காது குடையும் பஞ்சுக் குச்சிகள் ஒரு கட்டு வாங்குங்கள். பெல்ட்டின் உள்பக்கம், வளையத்துக்கு அடியில், வெளியே தெரியாத இடமாகப் பார்த்துப் பூச்சு ஏறியிருக்கும் ஓரத்தில், இந்த வரிசையிலேயே தொட்டுப் பாருங்கள்: முதலில் வெறும் தண்ணீர், அடுத்து டர்பண்டைன், அதற்கடுத்து ஸ்பிரிட், கடைசியாக அசிட்டோன். ஒவ்வொன்றுக்கும் புதிய குச்சி, புதிய இடம். பத்து எண்ணும் வரை அழுத்தி வைத்து, ஒரே ஒரு முறை உருட்டி எடுங்கள்.

டர்பண்டைனில் வருவது மெழுகு, அதாவது பாலிஷ். ஸ்பிரிட்டில் குழைந்து வருவது பெரும்பாலும் அரக்கு வார்னிஷ். அசிட்டோன் பட்டவுடன் மையாகக் கரைந்து வந்தால் அது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். கார் பட்டறைகளில் என்.சி. பெயிண்ட் என்று கேட்டு வாங்குவது அதைத்தான். அசிட்டோனிலும் கரையாமல், ஊறிப் பொங்கித் தோலாக உரிந்து வந்தால் பாலியூரித்தேன். ஸ்பிரிட் குச்சியில் இலேசான பழுப்பு வந்தால் பூச்சு கரைகிறது என்று எண்ணிவிடாதீர்கள்; அது தோலுக்குள் ஊறிய பழைய சாயமாகவும் இருக்கும். குச்சியில் நிறம் மட்டும் வருகிறதா, பிசுக்குடன் வருகிறதா என்பதுதான் வேறுபாடு.

பதனிட்ட முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் காடியில் துருப்பிடித்த ஆணி ஒன்றை இரண்டு நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் ஊசி முனையளவு எடுத்துப் பெல்ட்டின் வெட்டிய உள்முனையில் வையுங்கள். பட்டையில் பதனிட்ட தோலாக இருந்தால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோலாக இருந்தால் அப்படிக் கறுக்காது. அந்தக் கறை நிரந்தரமானது என்பதால் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

முடிவுகளை இங்கே எழுதுங்கள். அதன் பிறகு பேசலாம்.


அகழிக்கரை எழுதியது:

நான் அருங்காட்சியகப் பொருள்களைப் பேணும் பணியில் பயிற்சி பெற்றவள். ஆவாரம்பட்டை ஐயா சோதனையிலிருந்து தொடங்கியது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. ஆனால் அதற்கும் முன்பாக ஒரு கேள்வி இருக்கிறது: அந்தக் கறுப்பு எப்போது, யாரால் ஏறியது?

ராணுவத் தோல் பொருளில் மேலே இருப்பதெல்லாம் அழுக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரைஃபிள் படைப்பிரிவுகளில் கறுப்புத் தோல்தான் மரபு. பழுப்பாகச் செய்யப்பட்ட பொருளைப் படைப்பிரிவே முறைப்படிக் கறுப்பாக்கிப் பயன்படுத்தியிருந்தால், அந்தக் கறுப்பு அந்தப் பொருளின் வரலாறு. அதை எடுத்துவிட்டால் ஒருவர் பணியாற்றிய இடத்தின் தடயத்தையே எடுத்துவிட்டோம் என்று பொருள். பட்டாளத்தில் தோலின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பொருள் உண்டு என்பதை வேலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1806 ஜூலை 10ஆம் தேதி நம் கோட்டைக்குள் எழுந்த கிளர்ச்சிக்கான காரணங்களில், புதிய தலைப்பாகையில் வைக்கச் சொன்ன தோல் குஞ்சமும் ஒன்று.

உங்கள் பெல்ட்டில் கறுப்பை ஏற்றியது கடைதான் என்பதற்குக் குடும்பத்தில் சாட்சி இருப்பதால் அதை எடுக்க எனக்கு மறுப்பில்லை. ஆயினும் தொடங்குவதற்கு முன் முழுப் பெல்ட்டையும் உள்ளும் வெளியுமாகப் படம் எடுத்துவையுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், பூச்சுக்கு அடியில் அழுந்திய முத்திரைகள் மேடுபள்ளமாகத் தெரியும். அகன்ற அம்புக் குறி, அதனுடன் ஆங்கில 'ஐ' எழுத்து, ஆண்டு, பரிசோதகர் எண் ஆகியவை இருக்கலாம். அம்புடன் சேர்ந்த 'ஐ' இந்திய அரசின் உடைமை என்பதைக் குறிப்பது. அக்காலத்தில் இந்தியப் படைக்கான தோல் பொருள்களில் பெரும்பகுதி கான்பூரில் செய்யப்பட்டது. முத்திரைகளின் ஆழம் மிகக் குறைவு. உப்புத்தாள் நான்கு முறை ஓடினால் அவை போய்விடும்.


கம்மவான்பேட்டைப் பேரன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. தாத்தா ரைஃபிள் பிரிவில் இருந்தவர் அல்லர். பெரியப்பாவிடம் மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பெல்ட்டைக் கடையிலிருந்து வாங்கிவந்த நாளில் தாத்தா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பெட்டியில் வைத்துவிட்டாராம். அதன் பிறகு அவர் அதை எடுக்கவே இல்லை என்று பெரியப்பா சொன்னதைக் கேட்டதிலிருந்து இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இன்னும் வலுத்திருக்கிறது.

சோதனை முடிவுகள் இவை. பெல்ட்டில் தண்ணீருக்கு ஒன்றும் நடக்கவில்லை. டர்பண்டைனுக்குப் பூச்சு அசையவில்லை. செதில் உதிர்ந்த இடத்தில் மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பு மெழுகு வந்தது. ஸ்பிரிட்டில் இலேசான சாம்பல் நிறம். அசிட்டோன் பட்டதும் குச்சி முழுவதும் மைக்கூட்டில் தோய்த்ததுபோல் கறுத்துவிட்டது. ஆணித் தண்ணீர் வைத்த புள்ளி ஒரு நிமிடத்துக்குள் நீலங்கலந்த கறுப்பாகியது.

பைனாகுலர் பெட்டியில் டர்பண்டைனுக்கே ஏராளமான பாலிஷ் வந்தது. ஆனால் மூடியின் விளிம்பில் வெறும் தண்ணீர்க் குச்சியை வைத்தபோது, அந்த இடம் உடனே கருஞ்சிவப்பாக மாறி, காய்ந்த பிறகும் அப்படியே கெட்டித்து நின்றுவிட்டது. தவறு செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது, அதோடு நிறுத்திவிட்டேன்.

பெரியப்பாவின் பெல்ட்டில் அசிட்டோன் வைத்த இடம் பாலாடைபோல் சுருங்கி எழும்பியது. விரலால் இழுத்தால் மெல்லிய தாளாக உரிந்து வந்தது. அடியில் தோலின் மேல்பரப்பு எதுவும் தெரியவில்லை, வெளிர் நீலச் சாம்பல் நிறத்தில் பஞ்சு போன்ற நார்தான் தெரிந்தது.


ஆவாரம்பட்டை எழுதியது:

மிகத் தெளிவாகச் சோதித்திருக்கிறீர்கள். எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். பெரியப்பாவின் பெல்ட்டை உரிக்க வேண்டாம். அது குரோம் தோலின் அடிப்படலம். நாங்கள் ஸ்பிளிட் என்போம். தடிமனான தோலைக் கிடைமட்டமாகப் பிளக்கும்போது முடிப்பக்கம் இருக்கும் மேற்படலம் விலை உயர்ந்த சரக்காகப் போய்விடும்; மிஞ்சும் அடிப்படலத்துக்கு முகம் கிடையாது என்பதால் பாலியூரித்தேன் படலத்தை ஒட்டி ஒரு முகத்தைக் கொடுப்பார்கள். நீங்கள் பூச்சு என்று நினைப்பதுதான் அதன் முகம். அதை உரித்தால் உள்ளே இருப்பது நீங்கள் பார்த்த பஞ்சு மட்டுமே. அதில் எந்தச் சாயத்தை ஏற்றினாலும் கம்பளித் துணிபோல் இருக்கும். பிசுபிசுப்புக்குக் காரணம் ஈரப்பதம். காற்றில் உள்ள நீர் அந்தப் படலத்தின் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிட்டது; அதைத் திரும்பக் கட்டும் மருந்து கிடையாது. மற்ற பொருள்களில் ஒட்டாதபடி தனியாக வையுங்கள்.

இனி சாம் பிரவுன் பெல்ட். பட்டைத் தோல், அதன்மேல் தாத்தா தேய்த்த மெழுகு, அதன்மேல் கடைக்காரர் அடித்த என்.சி. லேக்கர். கடையில் அந்த மெழுகைத் துடைக்காமல் அடித்ததுதான் இன்று உங்களுக்கு உதவப்போகிறது. மெழுகின்மேல் லேக்கர் சரியாகப் பிடிக்காது, தோலின் துளைகளுக்குள்ளும் அதிகம் இறங்கியிருக்காது.

மொட்டை மாடியிலோ திறந்த திண்ணையிலோ, காலை வெயில் ஏறும் முன் செய்யுங்கள். அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்துபோய் உள்ளே எரியும் அடுப்பைப் பிடித்துவிடும். பக்கத்தில் பீடியோ விளக்கோ இருக்கக் கூடாது. மெல்லிய மருத்துவமனைக் கையுறைகள் அசிட்டோனைத் தாங்கா; தடித்த ரப்பர் கையுறை போடுங்கள். தின்னர் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் கலந்திருக்கும் டொலுயீன் தலைக்கும் நரம்புக்கும் கேடு என்பதால் சுத்தமான அசிட்டோனையே வாங்குங்கள். மெத்திலீன் குளோரைடு கலந்த பெயிண்ட் ரிமூவர் பக்கம் போகவே வேண்டாம்.

வெள்ளைப் பனியன் வேஸ்ட் ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள், நிறையச் செலவாகும். பெல்ட்டை ஒருபோதும் அசிட்டோனில் ஊறப்போடக் கூடாது. துணியை நனைத்துப் பிழிந்து, நான்கு விரல் அகலத்துக்கு மேல் போகாமல் ஓரிடத்தில் வைத்து, பத்து எண்ணி, ஒரே திசையில் ஒரே இழுப்பாகத் துடைத்து எடுங்கள். துணியின் அந்த முகம் முடிந்தது. மடித்து அடுத்த சுத்தமான முகத்துக்குப் போங்கள். இதில்தான் எல்லோரும் பொறுமை இழப்பார்கள். கறுத்த துணியாலேயே முன்னும் பின்னும் தேய்த்தால், கரைந்த கறுப்பை நீங்களே துளைகளுக்குள் ஊட்டுகிறீர்கள். அதன் பிறகு அதை யாராலும் எடுக்க முடியாது. தையல் பள்ளத்துக்கு மூங்கில் குச்சி முனையில் துணி சுற்றிப் பயன்படுத்துங்கள்.

இரும்புக் கம்பளி வேண்டவே வேண்டாம். தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் தோலில் தங்கும். பிறகு ஈரம் படும் நாளில், கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சிய அதே வேலை உங்கள் பெல்ட்டின்மேல் நடந்து, கறுப்புப் புள்ளிகள் வாரியிறைத்ததுபோல் வந்துவிடும். நீங்கள் வைத்த ஆணித் தண்ணீர்ச் சோதனையும் அதே வேதியியல்தான்.

பெயிண்ட் போன பிறகு தோல் வெளுத்து, காய்ந்த ரொட்டிபோல் விறைத்து நிற்கும். அசிட்டோன் பெயிண்டோடு தோலின் கொழுப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது, பயப்பட வேண்டாம். வளைத்துப் பார்க்காமல் ஓர் இரவு நிழலில் கிடத்துங்கள். மறுநாள் நீட்ஸ்ஃபூட் எண்ணெய், அதாவது மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெய், ஒரு தேக்கரண்டி மட்டும் எடுத்துத் துணியில் தோய்த்து, சதைப் பக்கம் முழுவதும் பரவலாகத் தடவுங்கள். ஒரு நாள் பொறுத்து, தேவைப்பட்டால் முடிப்பக்கத்தில் அரைத் தேக்கரண்டி. அதற்கு மேல் எண்ணெய் வேண்டாம். சாம் பிரவுன் பெல்ட் விறைப்பாக நிற்க வேண்டிய பொருள், துவண்டால் அதன் அழகு போய்விடும். ஒரு கையை இழந்த அதிகாரி மற்றொரு கையால் வாளை உருவுவதற்காக அமைத்துக்கொண்ட பெல்ட் அது. தோல் வளையாமல் நின்றால்தான் அந்த ஏற்பாடு வேலை செய்யும்.


மெழுகுநூல் எழுதியது:

பேர்ணாம்பட்டில் தோல் பொருள் தைக்கும் குடும்பம் எங்களுடையது. ஐயா சொன்னதில் எண்ணெய் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்தில் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர் என் தாத்தா. விளக்கெண்ணெய் ஊட்டாத தோலை அவர் வெளியே விட்டதில்லை. அந்தத் தோல்கள் வருடக்கணக்கில் தண்ணீரில் கிடந்து உழைத்தன. வெளிநாட்டு எண்ணெயைத் தேடி அலைவதைவிட வீட்டில் இருப்பதைத் தாராளமாகப் பூசலாமே?

தையல் பற்றி யாரும் பேசாததால் சொல்கிறேன். அந்தக் காலத்து ராணுவத் தையல் மெழுகேற்றிய லினன் நூலில் போட்டது. அசிட்டோன் தோலின் மெழுகை எடுப்பதுபோல் நூலின் மெழுகையும் எடுத்துவிடும். மெழுகிழந்த நூல் ஒன்றோடொன்று உராய்ந்து நைந்துபோகும். வேலை முடிந்ததும் தேன்மெழுகுக் கட்டியைத் தையல் வரிசையின்மேல் அழுத்தி ஓட்டி, உள்ளங்கைச் சூட்டால் தேய்த்து உள்ளே இறக்குங்கள். அறுந்த தையல் இருந்தால் பழைய துளைகளிலேயே ஊசி போக வேண்டும். புதிய துளை போட்டால் தபால்தலை ஓரம்போல் அந்த வரியிலேயே தோல் கிழியும்.


சத்துவாச்சாரி வாசகன் எழுதியது:

நான் செய்த தவற்றை எழுதினால் தம்பிக்குப் பயன்படும். 1903 மாதிரித் தோட்டா வார் ஒன்று, ஐந்து பை கொண்டது, பைக்குப் பத்து என ஐம்பது தோட்டாக்கள் வைப்பது, எனக்குக் கிடைத்தது. அதன்மேல் தடிமனாக வார்னிஷ் இருந்தது. வார்னிஷ் போன பிறகு பிசுக்கு மிச்சமிருந்ததால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அக்கினி நட்சத்திர வெயிலில் மாடித் தரையில் விரித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது இரண்டு பைகளின் மூடிகள் கருவாடுபோல் சுருண்டு, கண்ணாடியாக இறுகிவிட்டிருந்தன. எந்த எண்ணெய்க்கும் அவை நிமிரவில்லை. பழைய தோல் ஈரமாக இருக்கும்போது மிகக் குறைந்த சூட்டிலேயே சுருங்கிவிடும் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தயவுசெய்து நிழலில் மட்டும் உலர்த்துங்கள்.


அகழிக்கரை எழுதியது:

சத்துவாச்சாரி அன்பர் எழுதியது முற்றிலும் உண்மை. நல்ல நிலையில் உள்ள பட்டைத் தோல் ஈரத்தில் எழுபது டிகிரிக்கு மேல்தான் சுருங்கும். சிதைந்த தோலில் அந்த எல்லை நாற்பது, ஐம்பது டிகிரிக்கே இறங்கிவிடுவதுண்டு. மே மாதத்து மாடித் தரை அதைவிடச் சூடு.

பைனாகுலர் பெட்டிக்கு இதுவே பதில். விரலில் ஒட்டிய செம்பொடியும், தண்ணீர் பட்ட இடம் கருஞ்சிவப்பாகி இறுகியதும் செம்மக்கல் நோயின் அடையாளங்கள். காற்றில் உள்ள கந்தக வாயுக்களை உறிஞ்சிய தோலுக்குள் அமிலம் உண்டாகி, நாரை உள்ளிருந்து அறுத்துவிடுகிறது. அறுந்த நார் மறுபடி சேராது. அங்கே தண்ணீர், சோப்பு, எண்ணெய் எதுவும் படக் கூடாது; எண்ணெய் அதைக் கறுக்க வைத்துக் கனமாக்குமே தவிர வலுவாக்காது. நீங்கள் உடனே நிறுத்தியது நல்லது. அந்தப் புள்ளி அப்படியே இருக்கட்டும்.

நாங்கள் செய்வது இது. ஹைட்ராக்சிபுரொப்பில் செல்லுலோஸ் என்ற பொடியை ஐசோபுரொப்பில் ஆல்கஹாலில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு கரைத்து, மென்மையான தூரிகையால் பொடியும் இடத்தில் மட்டும் தொட்டு வைப்போம். அது நார்களுக்கிடையில் இறங்கிப் பொடியைப் பிடித்து நிறுத்தும். விளிம்பைத் தவிர்த்த மற்ற இடங்களில் உள்ள பாலிஷை டர்பண்டைன் துணியால் மெல்லத் துடைக்கலாம். முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. பச்சைக் களிம்பை மூங்கில் பல்குச்சியால் உலர்வாகவே சுரண்டி எடுங்கள். பித்தளைப் பாத்திரம்போல் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். புளியின் அமிலமும் ஈரமும் ஆணியைச் சுற்றியுள்ள தோலுக்கு அடுத்த கேடு.


ஆவாரம்பட்டை எழுதியது:

மெழுகுநூல் அண்ணன் தையலைப் பற்றிச் சொன்னதை நான் விட்டுவிட்டேன், அவருக்கு நன்றி. எண்ணெய் விஷயத்தில் மட்டும் மறுக்கிறேன். கவலைச் சாலின் தோல் நாள்தோறும் தண்ணீரில் நனைந்து நனைந்து எண்ணெயை இழந்துகொண்டே இருந்தது, அதற்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பெட்டியில் கிடக்கும் பெல்ட் எதையும் இழப்பதில்லை. அதிகப்படியான எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம் பித்தளையைத் தின்றுதான் அந்தப் பச்சைக் களிம்பே உண்டாகிறது. தேங்காயெண்ணெய் இன்னும் மோசம். மார்கழிக் காலையில் உறைந்து தோலின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், பூஞ்சை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருப்போம். தலைமுடி உலர்த்தியின் இளஞ்சூட்டைக் காட்டினால் உருகி மறைவது கொழுப்பு, மறையாமல் நிற்பது பூஞ்சை.

செம்மக்கலைப் பற்றிச் சகோதரி சொன்னதோடு எங்கள் தொழிலின் அனுபவமும் ஒத்துப்போகிறது. ஆவாரம்பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சத்தில் சிவந்துபோகும் என்பதால்தான் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். எந்தப் பட்டை, எவ்வளவு கடுக்காய் என்பதைப் பொறுத்து ஒரே ஆண்டில் செய்த இரண்டு பொருள்களில் ஒன்று பொடியும், ஒன்று நிற்கும். உங்கள் பெல்ட்டும் பெட்டியும் ஒரே டிரங்கில் இருந்தும் வேறுவேறு நிலையில் இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

கழிவைப் பற்றி ஒரு வார்த்தை. அழுக்கு அசிட்டோனையும் துணியையும் சாக்கடையில் சேர்க்காதீர்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி தீர்ப்பு அளிக்கும் வரை தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுக்கு என்ன நேர்ந்துகொண்டிருந்தது என்பதை வேலை செய்த இடத்திலிருந்தே பார்த்தவன் நான். ஒரு பெல்ட்டின் அழுக்கு சிறியதுதான். ஆனாலும் துணிகளைத் திறந்த வெளியில் விரித்து முற்றிலும் உலரவிட்டு, தகர டப்பாவில் அடைத்துத் தனியாகக் கொடுங்கள்.


கம்மவான்பேட்டைப் பேரன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பெல்ட் முடிந்துவிட்டது.

நான்கு காலைப் பொழுதுகள் ஆயின. ஐயா சொன்னபடி நான்கு விரல் அகலமாகத்தான் போனேன். ஒரு முறை அவசரப்பட்டு அதே துணியால் திரும்பத் தேய்த்த இடம், வளையத்துக்குப் பக்கத்தில், இன்றும் மற்ற இடங்களைவிட மங்கலாகத் தெரிகிறது. தோள் வாரில் பூச்சு மிக எளிதாக வந்தது. மெழுகு தடிமனாக இருந்த இடங்களில் பெயிண்ட் கரைவதற்கு முன்பே செதிலாகப் பெயர்ந்து துணியோடு வந்தது.

உள்முனையில் கறுப்பைத் துடைத்தபோது முதலில் ஒரு கோடு தெரிந்தது, பிறகு அம்பு, அதன் கீழே 'ஐ', அதற்கும் கீழே 1942. தாத்தா படையில் சேர்ந்த ஆண்டும் அதுதான். சிப்பாயாக இருந்த காலத்தில் அவர் இந்தப் பெல்ட்டை அணிந்திருக்க முடியாது என்று பெரியப்பா சொல்வதால், இது அவருக்கு முன் வேறொருவர் இடுப்பில் இருந்திருக்க வேண்டும். முத்திரைக்குப் பக்கத்தில் மையால் எழுதிய எண் ஒன்றும் இருந்தது. ஸ்பிரிட் பட்டால் கலையும் என்று தோன்றியதால் அந்த இடத்தைத் தொடவில்லை. சுற்றியிருக்கும் கறுப்பு அப்படியே இருக்கிறது.

துளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டறையில் போட்ட துளைகள் எல்லாம் ஒரே அளவில் வட்டமாக இருக்கின்றன. மூன்றாவது துளை மட்டும் நீண்டு, ஓரம் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. கடைசித் துளைக்கு அப்பால், வரிசையிலிருந்து சற்று விலகி, ஆணியால் குத்தியது போன்ற இன்னொரு துளை இருக்கிறது. பெயிண்ட் அதை முழுவதும் அடைத்திருந்தது. குச்சியால் எடுத்தபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. பாட்டி அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று வந்த பிறகு தாத்தா உடம்பு போட்டதைச் சொன்னார்.

நீட்ஸ்ஃபூட் எண்ணெய் இரண்டு தேக்கரண்டிக்குள் முடிந்தது. தோல் உயிர் பெற்று, கருப்பட்டி நிறத்துக்கு வந்திருக்கிறது. தையலுக்குத் தேன்மெழுகு ஓட்டினேன்; மூன்று இடத்தில் நூல் அறுந்திருப்பதால் மெழுகுநூல் அண்ணனிடம் கொண்டுவர விரும்புகிறேன். தையல் பள்ளத்தில் கொஞ்சம் கறுப்பு மிச்சமிருக்கிறது. புதிதாகச் சாயம் ஏற்றி எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பைனாகுலர் பெட்டியின் விளிம்புக்கு அந்தக் கரைசலை இரண்டு முறை வைத்தேன்; இப்போது விரலில் பொடி ஒட்டவில்லை.

ஒரே ஒரு கேள்வி. ஆணியால் குத்திய அந்தத் துளையின் ஓரம் பிரிந்திருக்கிறது. அதை ஒட்டவோ அடைக்கவோ வேண்டுமா?


ஆவாரம்பட்டை எழுதியது:

அடைக்க வேண்டாம் தம்பி. பிரிந்த ஓரத்தில் விரல் நுனியால் தேன்மெழுகு வைத்து, அகப்பைக் காம்புபோல் வழவழப்பான கட்டையால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள், நார் படிந்துவிடும். அந்தத் துளையில் கொக்கியை மட்டும் மாட்டாதீர்கள். மேலே பழுப்பு பாலிஷ் ஒரே ஒரு மெல்லிய பூச்சு போட்டு, குதிரைமுடித் தூரிகையால் தேய்த்தால் போதும்.

பெட்டியில் வைக்கும்போது பிளாஸ்டிக் உறையில் போடாமல், துவைத்த பழைய வேட்டித் துணியில் தளர்வாகச் சுற்றுங்கள். துளை இருக்கும் இடத்தில் மடிப்பு விழக் கூடாது, ஒரு சாண் அகல வட்டமாகச் சுருட்டி வையுங்கள். பித்தளை தோலின்மேல் நேராகப் படாதபடி இடையில் துணி இருக்கட்டும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு நாள், மழை ஓய்ந்த பிறகு தை மாதத்தில் ஒரு நாள் வெளியே எடுத்து நிழலில் காற்றாட வைத்துப் பாருங்கள்.


மெழுகுநூல் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் கொண்டுவாருங்கள் தம்பி. லினன் நூல் என்னிடம் இருக்கிறது. பெரியவர் பெல்ட்டுக்குப் பழைய துளையிலேயே கையால் போட்டுத் தருகிறேன்.